பீட்டர் முயல் பொம்மை உங்களுக்கு, கதை குழந்தைக்கு

1/ இன்பாக்ஸில் ஒரு கேள்வி: "டாக்டர், அண்ணன் லண்டன்ல இருந்து பழைய பீட்டர் ராபிட் பீங்கான் பொம்மை அனுப்பியிருக்கார். 1950கள்ல செஞ்சதாம். ஒன்றரை வயசுப் பொண்ணு அதைக் கேட்டு அழறா. விளையாடக் கொடுக்கலாமா?"

கொடுக்காதீங்க. ஏன்னு விளக்கமாச் சொல்றேன்.

2/ முதல்ல அந்த முயல் யாருன்னு பார்த்துடலாம். பீட்ரிக்ஸ் பாட்டர்னு ஒரு ஆங்கிலேயப் பெண்மணி. 1893ல், உடம்பு சரியில்லாம படுத்திருந்த ஒரு சின்னப் பையனுக்குப் படம் போட்டு எழுதிய கடிதம்தான் இந்தக் கதையோட ஆரம்பம். பதிப்பாளர்கள் முதலில் மறுத்துட்டாங்க. 1901ல் சொந்தக் காசில் 250 பிரதி அச்சடிச்சார். 1902ல் ஃப்ரெடரிக் வார்ன் நிறுவனம் வெளியிட்டது. அதுக்கப்புறம் உலகமே வாங்கிச்சு.

3/ 1903லேயே பீட்டர் முயல் துணி பொம்மையை அவரே தைச்சு, காப்புரிமை அலுவலகத்துல பதிவும் பண்ணிட்டார். அடுத்த வருஷம் கட்டம் போட்ட பலகை விளையாட்டு ஒண்ணும் உருவாக்கினார். கதாபாத்திரத்தை வச்சுப் பொருள் விக்கிற இன்னைக்கு வழக்கத்துக்கு இவர் ஒரு முன்னோடி.

கதைகள்ல வந்த வருமானத்தைப் பண்ணை நிலம் வாங்கப் போட்டார். 1943ல் இறந்தபோது ஏரி மாவட்டத்துல 4,000 ஏக்கருக்கு மேல நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதி வச்சுட்டுப் போனார்.

4/ இந்தப் பீங்கான் பொம்மை வரிசை அவர் காலத்துக்குப் பிறகு வந்தது. ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரத்தோட லாங்டன் பகுதியில் பெஸ்விக்னு ஒரு மண்பாண்டத் தொழிற்சாலை. அங்கே 1948ல் ஜெமைமா வாத்து பொம்மையில தொடங்கி, பாட்டர் கதைகள்ல வர்ற விலங்குகளை ஒவ்வொண்ணாச் செஞ்சாங்க. 1969ல் ராயல் டால்டன் அதை வாங்கிடுச்சு.

சேகரிக்கிறவங்க பொம்மையைக் கையில எடுத்ததும் கவிழ்த்து அடிப்பாகத்தைத்தான் பார்ப்பாங்க. தங்க நிற முத்திரைன்னா பழசு. பழுப்பு நிறம்னா 1970களுக்குப் பிறகு வந்தது. காது நுனி உடைஞ்சிருந்தா விலை பாதியா விழும்.

5/ இந்தப் பொழுதுபோக்கு மேல எனக்கு எந்தக் குறையும் கிடையாது. சின்ன வயசுல படிச்ச ஒரு கதையை அறுபது வயசுலயும் அலமாரியில வச்சுப் பார்க்கிறது நல்ல விஷயம்தான்.

என் பிரச்சினை வேற. "குழந்தைக் கதையில வர்ற பொம்மை" வேற, "குழந்தை விளையாடுற பொம்மை" வேற. இந்த ரெண்டையும் நாம ஒண்ணாக்கிடுறோம்.

6/ காரணம் ஈயம்.

பழைய காலத்துல பெயின்ட்டுல ஈயம் சேர்த்தாங்க. நிறம் பளிச்சுன்னு இருக்கும், சீக்கிரம் காயும், ரொம்ப நாள் உழைக்கும். பீங்கான் மேல பூசுற பளபளப்புப் பூச்சிலயும் ஈயம் சேர்க்கிற வழக்கம் இருந்தது. முழுக்க ஈயக் கலவையில வார்த்த பொம்மைகளும் உண்டு. உள்ளே கூடா வார்க்கிற முறையை வில்லியம் பிரிட்டன் 1893ல் கொண்டு வந்தார். 1960கள் வரைக்கும் பிரிட்டன் குழந்தைகள் அந்த மாதிரி பொம்மைகளைத்தான் வச்சு விளையாடினாங்க.

7/ ஆபத்து அப்போ தெரியாதான்னு கேட்பீங்க. தெரியும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், குழந்தைகளுக்கு வந்த ஈய நஞ்சுக்குக் காரணம் வீட்டு வராண்டா கம்பியில அடிச்ச பெயின்ட்தான்னு லாக்ஹார்ட் கிப்சன் என்ற மருத்துவர் 1904லேயே எழுதினார்.

ஆனா சட்டம் மெதுவாத்தான் வந்தது. அமெரிக்காவுல வீட்டு பெயின்ட்டுக்கும் பொம்மைக்கும் 1978ல் தடை. நம்ம நாட்டுல வீட்டு பெயின்ட்டுக்கு 90 பி.பி.எம். வரம்பு 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்தது. பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது 2021 ஜனவரியில். 1950கள்ல செஞ்ச பொம்மை இந்த எந்தச் சோதனையையும் பார்த்ததில்லை.

8/ பெரியவங்க பொம்மையைப் பார்ப்பாங்க, துடைப்பாங்க, திரும்ப வைப்பாங்க. ஒன்றரை வயசுக் குழந்தை வாயில வைக்கும், கடிக்கும், கீழே போட்டு உடைக்கும், உடைஞ்ச சில்லையும் வாயில வைக்கும்.

அதே அளவு ஈயம் வயித்துக்குள்ள போனா, குழந்தை உடம்பு பெரியவங்களை விட 4 முதல் 5 மடங்கு அதிகமா உறிஞ்சும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உடம்பு ஈயத்தைக் கால்சியம்னு நினைச்சு எலும்புக்குள்ள சேர்த்து வச்சுக்கும். அங்கே வருஷக்கணக்குல உட்கார்ந்திருக்கும்.

9/ நம்ம ஊர் குழந்தைங்க விஷயத்துல இன்னொண்ணும் இருக்கு. இரும்புச்சத்து குறைஞ்ச குழந்தை ஈயத்தை இன்னும் அதிகமா உறிஞ்சும். தேசியக் குடும்ப நல ஆய்வு 5ன்படி தமிழ்நாட்டுல 5 வயசுக்குட்பட்ட குழந்தைகள்ல பாதிக்கு மேல ரத்தசோகை.

மண்ணு, பலப்பம், சுவத்துச் சுண்ணாம்புன்னு சுரண்டித் தின்னுற குழந்தைகளை ஓ.பி.யில அடிக்கடி பார்க்கிறோம். அந்தப் பழக்கமுள்ள குழந்தை கைக்குப் பழைய பெயின்ட் அடிச்ச எந்தப் பொருளும் போகக் கூடாது.

10/ இதுல மோசமானது என்னன்னா, பெரும்பாலும் அறிகுறியே தெரியாது. லேசா வயித்து வலி, மலச்சிக்கல், பசியின்மை, எரிச்சல். இதையெல்லாம் யார் பொம்மையோட சேர்த்து யோசிக்கப் போறாங்க? பூச்சி மாத்திரை கொடுத்துட்டு வந்துடுவாங்க. ஆனா மூளை வளர்ச்சி, கவனம், படிப்பு எல்லாத்துலயும் அடி விழும்.

ரத்தத்துல ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது. ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் வந்தாலே எங்கிருந்து வருதுன்னு தேடச் சொல்லுது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். ஈயத்தை வெளியேத்துற மருந்து, அளவு ரொம்ப அதிகமான குழந்தைகளுக்குத்தான். அந்த மருந்தும் இழந்த அறிவுத்திறனைத் திருப்பித் தராது.

11/ "நாங்கள்லாம் அந்தக் காலத்துல இதை வச்சுத்தான் விளையாடினோம், ஒண்ணும் ஆகலையே?"

ஒண்ணும் ஆகலைன்னு எப்படித் தெரியும்? அஞ்சு புள்ளி அறிவுத்திறன் குறைஞ்சு போன ஒருத்தருக்கு அது குறைஞ்சது தெரியவே தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க ஈயம் படாத இன்னொரு 'நீங்க' இல்லையே.

12/ பழைய பீங்கான் எல்லாத்துலயும் ஈயம் இருக்குன்னு நான் சொல்லல. இருக்கா இல்லையான்னு கண்ணால பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அதைத்தான் சொல்றேன். எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி வச்சுத்தான் ஒழுங்காச் சொல்ல முடியும். தெரியாத வரைக்கும் இருக்குன்னே வச்சுக்கோங்க.

13/ அதுக்காகத் தூக்கி எறிய வேண்டாம். இதைச் செஞ்சா போதும்:

• கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில, குழந்தைக்கு எட்டாத உயரத்துல வைங்க.
• உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. தூசியா வர்ற ஈயம் இன்னும் ஆபத்து.
• ஈரத் துணியால துடைச்சுட்டு, சோப்பு போட்டுக் கை கழுவுங்க.
• கதாபாத்திரம் வரைஞ்ச பழைய கோப்பை, தட்டுல சாப்பாடு, பால், ஜூஸ் எதுவும் வேண்டாம். புளிப்பு ஈயத்தை இன்னும் அதிகமாக் கரைக்கும்.
• கொலுப் படியில இருக்கிற பாட்டி காலத்துப் பொம்மைக்கும் இதே விதிதான்.

14/ புதுசுன்னாலும் அசட்டையா இருக்காதீங்க. 2010ல் அமெரிக்காவுல அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் சோதிக்க வச்சதுல, 'விசார்ட் ஆஃப் ஆஸ்' கதையோட தகர மனிதன் படம் போட்ட புதுக் கண்ணாடி டம்ளர்கள்ல, மேல இருந்த வண்ணத்துல வரம்பைப் பல மடங்கு தாண்டி ஈயம் இருந்தது. இங்கே பொம்மை வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்குங்க.

15/ குழந்தை ஏற்கெனவே வாயில வச்சு விளையாடியிருந்தா? பதற வேண்டாம். முதல்ல பொம்மையை எடுத்து வைங்க. குழந்தை நல மருத்துவர்கிட்ட விஷயத்தைச் சொல்லி, ரத்தத்துல ஈய அளவும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்க. "பழைய பெயின்ட் பொருள் வாயில வச்சிருக்கா"ன்னு நீங்க சொல்லாட்டி எங்களுக்கா தோணாது. முருங்கைக்கீரை, முட்டை, கேழ்வரகு தவறாமக் கொடுங்க.

16/ கடைசியா ஒண்ணு. பாட்டர் தன் புத்தகம் சின்ன அளவுல, குறைஞ்ச விலையில இருக்கணும்னு பிடிவாதமா இருந்தார். சின்னக் கைக்கு அடங்கணும், சாதாரணக் குழந்தையும் வாங்கணும்னு நினைச்சார். அந்தக் கதைக்கு இந்தியாவுல காப்புரிமை முடிஞ்சு 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. யார் வேணா தமிழ்ல சொல்லலாம், எழுதலாம்.

அண்ணனுக்குத் தாராளமா நன்றி சொல்லுங்க. முயலை மேல் தட்டுல வைங்க. ராத்திரி பொண்ணை மடியில உட்கார வச்சு, அம்மா பேச்சைக் கேட்காம தோட்டத்துக்குள்ள போன முயலோட கதையைச் சொல்லுங்க.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. டியூட்டி முடிஞ்சு வந்து பதில் போடுறேன்.