கிளை நூலகருக்குப் பயிற்சி வேண்டும்



கோவை அனுப்பர்பாளையத்தில் பெரியார் நூலகத்துக்கு 2024 நவம்பரில் முதல்வர் அடிக்கல் நாட்டினார். வரவேற்கிறேன். ஆனால் அன்னூர், அவிநாசி போன்ற ஊர்களின் கிளை நூலகப் பணியாளர்களுக்கு இணையப் பயிற்சி தருவது அதைவிட அவசரம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பல்லாயிரம் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அலமாரியில் இல்லாத புத்தகம் கேட்டு வரும் மாணவிக்கு அதைத் தேடித் தர நூலகருக்குத் தெரிந்தால்தானே பயன்? ஊர்க் கோயிலையும் குளத்தையும் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் வாசகர்களையே எழுதவைக்கவும் அவரால் முடியும். இளைஞர்களுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டுமா என்று கேட்பார்கள். செல்பேசியில் எல்லாமே வருகிறது. ஆனால் எதை நம்பலாம் என்று பிரித்துக்காட்டத்தான் ஆள் இல்லை. பணியாளர் பற்றாக்குறை உண்மைதான்; பயிற்சியைத் தள்ளிப்போட அது காரணமாகாது. சொத்துவரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அதில் ஒரு பங்கை இந்தப் பயிற்சிக்கு ஒதுக்க கோவை, திருப்பூர் மாவட்ட நூலக ஆணைக்குழுக்கள் முன்வர வேண்டும்.

– ஒரு வாசகர், கோவை