நூற்றொன்பது வயது பாப்பம்மாள்

காதர்பேட்டையில் ஒரு பனியன் கடைக்காரர் வீட்டுப் பெரியவர் காலமாகிவிட்டால், மறுநாளே சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி ஒட்டப்பட்டு விடுகின்றது. "இறைவனடி சேர்ந்தார்" என்று பெரிய எழுத்தில் போடுகின்றார்களே ஒழிய, அந்த மனிதர் எண்பது தொண்ணூறு வருஷ காலம் என்ன பாடுபட்டார், எதற்குச் சிரித்தார், யாரோடு வழக்காடினார் என்பதைப் பற்றி ஒரு வரியாவது உண்டா? கேட்டால், "ஆண்டவன் கொடுத்த ஆயுள்" என்கின்றார்கள். அப்படியானால் அவர் செய்தது ஒன்றுமில்லையா என்று கேட்கின்றோம்.

இதற்கு மறுமொழியாக ஒரு கிழவியைக் காட்டுகின்றோம். மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டி பாப்பம்மாள் அம்மையார் 2024 செப்டம்பர் 27-ந் தேதி, தமது 109-வது வயதில் காலமானார். அவர் பிறந்த காலத்தில் தேக்கம்பட்டியும் திருப்பூரும் ஒரே கோயமுத்தூர் ஜில்லா. அவர் சிறுமியாய் இருக்கும்போதே தாய் தகப்பனை இழந்து, பாட்டியிடம் வளர்ந்தார். பாட்டியின் கடையை நடத்தினார். கடையில் மிஞ்சிய காசைக் கொண்டு நிலம் வாங்கினார். கடைசிக் காலத்தில் தம்மிடமிருந்த இரண்டரை ஏக்கரில், நூறு வயதைத் தாண்டியும் மண்வெட்டியோடு இறங்கினார். இரசாயன உரமில்லாத சாகுபடிக்காக 2021-ல் பத்மஸ்ரீ பட்டம் வந்தது. காரமடை ஊராட்சி ஒன்றியத்தில் கவுன்சிலராயிருந்தார். தி.மு.க.வில் வெகுகாலம் இருந்த அவருக்கு, சாவதற்குப் பத்து நாள் முன்பு அக்கட்சி பெரியார் விருது அளித்தது. ஆட்டுக்கறிப் பிரியாணியில் பிரியமுடையவர் என்றும் பத்திரிகைகள் எழுதின. மாமிசம் தின்றால் ஆயுள் குறையும் என்று உபதேசிக்கும் பண்டிதர்கள் இதைச் சற்று கவனிப்பார்களாக.

"அந்தக் காலத்து ஆட்கள் எல்லோருமே நூறு வயது இருந்தார்கள்" என்று ஒரு கூட்டத்தார் உடனே கிளம்புவார்கள். இது வெறும் புளுகு. அம்மையார் பிறந்த காலத்தில் நம் நாட்டில் பிறந்த குழந்தைக்குச் சராசரி ஆயுள் 25 வருஷம்கூட இல்லை. பிள்ளைகள் பேதியிலும் அம்மையிலும் செத்தார்கள். தாய்மார்கள் பிரசவத்தில் செத்தார்கள். 1918-ல் வந்த விஷக் காய்ச்சல் ஊர் ஊராய் வாரிக்கொண்டு போயிற்று. இன்று அது 70-க்குப் பக்கத்தில் வந்திருக்கின்றதென்றால் பிரம்மா தலையெழுத்தைத் திருத்தினாரா? தடுப்பூசியும், நல்ல தண்ணீரும், ஆஸ்பத்திரியும், சோறும் செய்த வேலையல்லவா!

நிற்க. நீண்ட நாள் இருப்பது ஒன்று, சந்தோஷமாய் இருப்பது வேறொன்று. பாப்பம்மாளுக்குக் கடை இருந்தது, நிலம் இருந்தது, தன் அபிப்பிராயம் இருந்தது, அதைச் சொல்ல மேடையும் இருந்தது. ஒரு ஸ்திரீக்கு, அதுவும் கிராமத்து ஸ்திரீக்கு, இந்த நாலும் சேர்ந்து வாய்ப்பது நம் நாட்டில் எவ்வளவு அபூர்வம்! அவருடைய முகத்தில் இருந்த மலர்ச்சிக்குக் காரணம் தேட ஜோசியரிடம் போக வேண்டியதில்லை.

நம் வீடுகளில் நடப்பதென்ன? அப்பாருக்குக் கல்லாச் சாவியும், ஆத்தாளுக்குச் சுருக்குப் பையும் அறுபது வயதோடு போய்விடுகின்றன. "நீங்கள் சும்மா உட்காருங்கள்" என்பதை மரியாதை என்று வேறு சொல்லுகின்றோம். சொத்தை எழுதி வாங்கியபின் மாத்திரைக்குக் காசு கேட்டால் முகம் சுளிக்கின்றோம். அந்த ஆத்தாளே திண்ணையில் உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டிக் கொடுக்கின்றாள். அதற்குக் கூலி என்று ஒரு காசு அவள் கைக்குப் போகின்றதா? காதர்பேட்டையில் செகண்ட்ஸ் சரக்குக்குக்கூட ஒரு விலை உண்டு. செத்த பிறகு மட்டும் கருமாதிக்கு ஆயிரமாயிரமாய்ச் செலவழித்து, உயிரோடு இருந்தபோது கேட்ட பலகாரத்தைக் காக்கைக்கு வைக்கின்றோம்.

பிள்ளைகள் கவனியாவிட்டால் பெற்றோர் கேட்டு வாங்க 2007-ம் வருஷத்திலேயே சட்டம் வந்திருக்கின்றது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பிள்ளைகள் அப்படிக் கவனியாதபோது ரத்து செய்யவும் அதில் வழியுண்டு. வக்கீல் தேடி அலைய வேண்டாம். கோட்டாட்சியர் ஆபீசில் மனுக் கொடுத்தால் போதும். பத்திரத்தில் அந்த நிபந்தனையை எழுதாமல் கையெழுத்துப் போட வேண்டாமென்று, இதைப் படிக்கும் தோழர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுவார்களாக.