மகள் வழி சொல்வாள்

நாகர்கோவிலில் எனக்குத் தெரிந்த பார்வையற்ற தம்பி ஒருவன் தன் ஹெட்போனை என் காதில் மாட்டி, "கண்ண மூடிக்கிடுங்கண்ணே, மக வழி சொல்லுவா, அந்தச் சத்தத்துக்கே போங்க" என்றான். இடது காதில் தொடங்கிய காலடிச் சத்தம் மெல்ல என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றது, உடம்பு சிலிர்த்துவிட்டது. 2015இல் பிரான்சில் உருவான 'எ பிளைண்ட் லெஜண்ட்' அது. படமே இல்லாத விளையாட்டு. பார்வையிழந்த வீரனை அவன் மகள் லூயிஸ் குரலால் கூட்டிப்போகிறாள். பெரிய நிறுவனங்களும் இறங்கிவிட்டன: 2020இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' விளையாட்டின் இரண்டாம் பாகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென 60க்கும் மேற்பட்ட வசதிகள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் இலவசம், தமிழும் பேசும். ஆனாலும் நம்மூரில் பார்வையற்ற பிள்ளைக்குக் கணினி என்றால் டைப்பிங், பரீட்சை, வேலை, அவ்வளவுதான். விளையாட்டு எதற்கு என்கிறார்கள். பல்லாங்குழியின் 14 குழிகளிலும் புளியமுத்தை விரலால் எண்ணி ஆடக்கூடிய பிள்ளைகளிடமா இந்தக் கேள்வி? கீபோர்டு பயம் போக ஆட்டத்தைவிட நல்ல வாத்தியார் கிடையாது. நூலகத்தில் இரண்டு கணினி, இரண்டு ஹெட்போன் ஒதுக்கினால் போதும். சொல்லிக்கொடுக்க அந்தத் தம்பி தயார். "மக தமிழ்ல பேசுனா இன்னும் நல்லாருக்கும்ணே" என்கிறான்.