மாவட்டத்துக்கு ஒரு மண்தடம்

2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளை மறித்து, விளக்கு வெளிச்சத்தில் ஃபார்முலா 4 கார்களை ஓடவிட்டது தமிழக அரசு. நீதிமன்றம்வரை போன எதிர்ப்பையும் தாண்டி நடத்திக் காட்டினார்கள். பாராட்டியவர்கள் உண்டு, வரிப்பணம் வீண் என்று திட்டியவர்களும் உண்டு. அந்தச் சண்டையில் ஒரு கேள்வி மட்டும் எழவே இல்லை. பந்தயத்தை வேடிக்கை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் திருவண்ணாமலைப் பையன் ஒருவனுக்கு, தானும் ஓட்ட வேண்டும் என்று ஆசை வந்தால், மறுநாள் காலை அவன் யாரிடம் போய் நிற்பான்?

கார் பந்தயம் அவனுக்கு எட்டாது. எட்டக்கூடிய ஒன்று இருக்கிறது: மண்தரையில் நடக்கும் டர்ட் பைக் பந்தயம். சில ஏக்கர் நிலம், லாரி லாரியாகக் கொட்டிய மண், அதை மேடும் வளைவுமாகச் செதுக்க ஒரு ஜேசிபி, புழுதி அடங்கத் தெளிக்க ஒரு தண்ணீர் லாரி. தேசிய அளவிலான சூப்பர்கிராஸ் போட்டிகளுக்கே நம் நாட்டில் பெரும்பாலும் இப்படித்தான் திடலைத் தயார் செய்கிறார்கள். போட்டி முடிந்ததும் மண்ணை வாரிவிடுகிறார்கள். பிரச்சினையே அதில்தான். பந்தயத்துக்குத் தடம் கிடைக்கிறது; பழகுவதற்குக் கிடைப்பதில்லை.

மோட்டார் பந்தயம் நமக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளமான சோழவரத்தில் பந்தயம் பார்க்கப் போன கதையைச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஓசூரின் டிவிஎஸ் நிறுவனம் 1982 முதல் பந்தய அணி வைத்திருக்கிறது. ஆர்எக்ஸ் 100, ஷோகன் காலத்தில் மண் பந்தயம் என்றால் சைலன்சரைக் கழற்றிவிட்டுக் களமிறங்கிய உள்ளூர் மெக்கானிக்குகள் பலர். ஆனால் தக்கார் ராலியை ஓட்டி முடித்த முதல் இந்தியர் சி.எஸ். சந்தோஷ் (2015) பெங்களூருக்காரர். 2024-இல் அதே ராலியின் ராலி 2 பிரிவில் முதலிடம் பிடித்த ஹரித் நோவா கேரளத்தின் ஷொர்ணூர்க்காரர். அவர் ஓட்டியது ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காக. அணியில் ஓசூருக்கும் பங்குண்டு, ஓட்டுநர் பக்கத்து மாநிலத்தவர். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் யோசிக்க இருக்கிறது.

இன்று இங்கே ஒருவர் இந்தப் பந்தயத்துக்குள் நுழைய என்ன ஆகும்? மோட்டோகிராஸுக்கென்றே செய்த கவாசாகி கேஎக்ஸ் 250 வேண்டுமானால் 8 லட்சம் ரூபாய் அளவில் எடுத்து வைக்க வேண்டும். ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும் இல்லாத வண்டி அது. பதிவெண் கிடைக்காது, தெருமுனை வரைகூட ஓட்டிப்போக முடியாது. ஒவ்வொரு முறையும் குட்டி யானை பிடித்து ஏற்ற வேண்டும். அவ்வளவு வேண்டாம், ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 போதும் என்று முடிவெடுத்தால் (தொடங்குகிறவருக்கு அதுதான் சரியான முடிவும்கூட) பணம் பாதுகாப்புக் கவசத்தில் கரையும். தாடையை மூடும் ஹெல்மெட், காகிள்ஸ், மார்புக் கவசம், முழங்கால் கவசம், கழுத்துப் பட்டை. பூட்ஸ் மட்டும் தரமானதாக வாங்கினால் 20,000 ரூபாயைத் தாண்டும். எல்லாம் வாங்கியாயிற்று, எங்கே பழகுவது? கோலார் பக்கம் சந்தோஷ் நடத்தும் டர்ட் பார்க்குக்குப் போகலாம். அம்மாவிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது என்பது தனிக் கேள்வி.

ஆகவே பையன் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகிறான். அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. பின்னால் உட்கார்ந்திருப்பவன் கையில் கைப்பேசி. ஞாயிறு காலை போலீஸ் துரத்திப் பிடிக்கிறது, வண்டியைப் பறிமுதல் செய்கிறது, பெற்றோரை வரவழைத்து எழுதி வாங்குகிறது. அடுத்த ஞாயிறு வேறு பையன்கள். பொது இடத்தில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். 2019 திருத்தம் தண்டனையைக் கூட்டியது. கூட்டியது சரிதான். சாலை அவர்கள் அப்பன் வீட்டுச் சொத்தல்ல; அதில் பால்காரரும் போகிறார், பள்ளிப் பிள்ளையும் போகிறது. ஆனால் தண்டனை ஒரு கதவை மூடுவதோடு சரி. இன்னொரு கதவைத் திறப்பது அதன் வேலையல்ல, விளையாட்டுத் துறையின் வேலை.

மண்தடத்தில் முதல் நாள் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பெற்றோரின் பாதி பயம் குறையும். யாரும் வேகம் சொல்லித் தருவதில்லை. சீட்டில் உட்காராமல் ஃபுட்பெக்கில் எழுந்து நிற்க, முழங்காலால் டேங்கை இறுக்க, முழங்கையை உயர்த்த, கிளட்ச்சை ஒரே விரலால் பிடிக்கப் பழக்குகிறார்கள். பார்வை முன்சக்கரத்தில் விழுந்தால் திட்டு விழும். அரை மணி நேரத்தில் முன்னங்கை மரத்துப்போய் பிரேக் பிடிக்க விரல் மடங்காது. சாலையில் சூரனாகத் திரிந்தவன் அங்கே வாய் திறக்காமல் தண்ணீர் குடிப்பான். தாவலைக்கூட எடுத்தவுடன் தொட விடமாட்டார்கள். முதலில் டேபிள் டாப்: ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே மண் நிரம்பியிருக்கும், தாவல் குறைந்தாலும் வண்டி மேல்தட்டில் இறங்கிவிடும். டபுள் எனப்படுவதில் நடுவே பள்ளம். கணக்குத் தப்பினால் முன்சக்கரம் எதிர்மேட்டில் போய் மோதும். அது வெகுநாள் கழித்து. இதற்கெல்லாம் முன்னால் கொடிகள். மார்ஷல் மஞ்சள் கொடி அசைத்தால் முன்னே ஒருவன் விழுந்து கிடக்கிறான் என்று பொருள். வேகம் குறைக்க வேண்டும், முந்தவும் கூடாது, தாவவும் கூடாது. முன்னே போகும் வாய்ப்பை விழுந்தவனுக்காக விட்டுக்கொடுக்கப் பழகிய பையன்தான் நம் சாலைகளுக்கும் வேண்டும்.

இது ஆபத்தில்லாத விளையாட்டு என்று நாம் வாதாடவில்லை. 2021 தக்காரில் விழுந்த சந்தோஷ் மருத்துவமனையில் செயற்கைக் கோமாவில் வைக்கப்பட்டார். 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில், தேசியப் போட்டியின்போது, 13 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அது தார்த்தடம், வேகம் வேறு; ஆனாலும் அந்த மரணத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு இந்த விளையாட்டைப் பற்றிப் பேசுவது நேர்மையல்ல. சிறுவர்களுக்கு அவர்கள் உயரத்துக்கும் எடைக்கும் ஏற்ற சிறிய எஞ்சின் மட்டும், பெரியவர்களோடு ஒரே நேரத்தில் தடத்தில் இறங்கத் தடை, மருத்துவரும் ஆம்புலன்ஸும் வந்து நிற்காமல் ஒரு வண்டிகூட ஸ்டார்ட் ஆகக் கூடாது என்ற விதி. இவற்றில் சமரசத்துக்கு இடமில்லை. மருத்துவச் செலவில் கைவிரிக்காத காப்பீடும் அந்தப் பட்டியலில் சேரும்.

ஆபத்தான விளையாட்டை அரசு எப்படி நடத்துவது என்று கேட்பவர்கள் அலங்காநல்லூரைப் பார்க்கட்டும். ஜல்லிக்கட்டை ஒழித்துக்கட்டுவதற்குப் பதிலாக முன்பதிவு, மருத்துவப் பரிசோதனை, தடுப்பு வேலி, கால்நடை மருத்துவர் என்று ஒழுங்குக்குள் கொண்டுவந்தோம். 2017-இல் சட்டத்தையே திருத்தினோம். கீழக்கரையில் அரங்கமும் கட்டினோம். மாட்டுக்குச் செய்த ஏற்பாட்டை மோட்டாருக்குச் செய்ய முடியாதா?

பணக்காரர் விளையாட்டுக்கு ஏழை வரிப்பணமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அரசின் தடம் தேவையே இல்லை. அவன் கோலாருக்கும் போவான், ஐரோப்பாவுக்கும் போவான். தடம் இல்லாமல் நிற்பது மெக்கானிக் கடைப் பையன்தான். கார்புரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிறவன் அவன். வண்டியின் சத்தத்திலேயே நோய் சொல்கிறவன். பெண்களுக்கும் இதே கதை. ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-இல் பாஹா உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவை வென்று காட்டிய பிறகும், தொடங்க விரும்பும் பெண்ணுக்கு அருகில் இடமில்லை.

எனவே தடத்தோடு சேர்த்து, வாடகைக்கு எடுக்கும் வண்டிகளும், பல அளவுகளில் பூட்ஸும் கவசமும் இருக்கும் ஓர் அறையும் வேண்டும். சிறு கட்டணம் வாங்கலாம். முழுச் செலவையும் அரசு சுமக்க வேண்டியதில்லை. ராயல் என்ஃபீல்டும் யமஹாவும் டிவிஎஸ்ஸும் வண்டி செய்வது இந்த மண்ணில். டயர் விற்கும் எம்ஆர்எஃப்பின் தலைமையகம் சென்னை. தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டுகளுக்குப் பயிற்சி தருவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்குள் வரும் என்கிறது கம்பெனிகள் சட்டம். மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ மத்திய அரசின் அங்கீகாரம் பெற்றது. கேட்க வேண்டியதுதான் பாக்கி.

இடத் தேர்வில் கவனம் வேண்டும். வற்றிய ஏரி சும்மாதானே கிடக்கிறது என்று யாராவது யோசனை சொல்வார்கள். கூடவே கூடாது, ஏரி தண்ணீருக்கானது. காட்டுப் பாதையும் வேண்டாம். சத்தியமங்கலத்திலும் நீலகிரியிலும் யானை நடக்கும் வழியில் பைக்கை முறுக்குவதை சாகசம் என்று படம் போடுகிறவர்கள் இந்த விளையாட்டுக்குக் கெட்ட பெயர்தான் வாங்கித் தருகிறார்கள். ஓசூரிலும் ஒரகடத்திலும் சிப்காட் வளாகங்களில் ஒதுக்கப்படாத மனைகள் இருந்தால், குடியிருப்புக்குத் தள்ளியுள்ளவற்றைக் குத்தகைக்குத் தரலாம். தொழிற்சாலைக்கு இடம் கேட்டு யாராவது வந்தால் மண்ணை அள்ளிக்கொண்டு அடுத்த மனைக்குப் போய்விடலாம்.

கிருஷ்ணகிரி, காஞ்சிபுரம், கோவை என்று மூன்று மாவட்டங்களில் முதலில் தொடங்கிப் பார்க்கட்டும். புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. 189-ஆம் பிரிவு தண்டிப்பது மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் நடத்தும் பந்தயங்களைத்தான். தீவுத்திடல் சாலைகளையே பந்தயத்துக்குத் திறந்துவிட முடிந்த அரசுக்கு, சிப்காட் மனையில் ஒரு மண்தடத்துக்கு அரசாணை போட எத்தனை நாள் ஆகும் என்பதை விளையாட்டுத் துறை அமைச்சர் சொல்லட்டும்.