இரண்டும் ஒன்றும் சமமா?

ஆங் மோ கியோவில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு கல்மேசை உண்டு. சென்ற சனிக்கிழமை அங்கு உட்கார்ந்திருந்தபோது, உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள் ஒரு தாளை நீட்டினாள். "அப்பா, 2ம் 1ம் சமம். எங்க தப்புன்னு சொல்லுங்க பார்ப்போம்."

ஆங்கில எழுத்துகளுக்குப் பதில் தமிழ் எழுத்துகளைப் போட்டு அதை இங்கே தருகிறேன்:

1) க = ச
2) க² = க×ச
3) க² − ச² = க×ச − ச²
4) (க + ச)(க − ச) = ச(க − ச)
5) க + ச = ச
6) 2ச = ச
7) 2 = 1

"எங்கயாவது குறி மாறியிருக்கும்" என்றேன், எல்லாம் தெரிந்தவன்போல்.

"எந்த வரியிலப்பா?"

பதில் இல்லை. எந்த வரியிலும் குறி மாறவில்லை. தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இனி என்னிடம் கணக்குக் கேட்க வருவாளா என்று மனம் உறுத்தியது.

இரவில் நானே எழுதிப் பார்த்தேன். க, ச இரண்டுக்கும் 1 என்று போட்டு ஒவ்வொரு வரியாகச் சோதித்தேன். முதல் இரண்டு வரிகளில் 1 = 1. மூன்றாவதில் 0 = 0. நான்காவதில் 2×0 = 1×0; அதுவும் சரி. ஐந்தாவதில் 2 = 1! நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில்தான் திருடன் இருக்கிறான். இருபுறமும் (க − ச)வால் வகுத்திருக்கிறோம். இரண்டும் சமம் என்றால் க − ச சுழியம். எழுத்து முகமூடி போட்டு வந்த சுழியத்தை நான் அடையாளம் காணவில்லை.

இதில் தடுமாறியவர்களில் பெரியவர்களும் உண்டு. சுழியத்துக்குக் கணக்கு விதிகள் வகுத்த பிரம்மகுப்தரே, 628ஆம் ஆண்டில், சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தால் சுழியம் என்று எழுதினார். 1997இல் அமெரிக்கக் கடற்படையின் 'யார்க்டவுன்' கப்பலில் யாரோ ஒரு சுழியத்தைப் பதிவு செய்ய, கணினி அதனால் வகுக்கப்போய், கப்பலே நடுக்கடலில் நின்றது.

மறுநாள் காலை மகளிடம் விளக்கிவிட்டு, "நேத்து தெரியாமலே சொல்லிட்டேன்மா" என்றேன். சிரித்தாள். "அப்ப இது?" என்று இன்னொரு தாளை நீட்டினாள்.

1) 16 − 36 = 25 − 45
2) 16 − 36 + 81/4 = 25 − 45 + 81/4
3) (4 − 9/2)² = (5 − 9/2)²
4) 4 − 9/2 = 5 − 9/2
5) 4 = 5

இம்முறை வாயை மூடிக்கொண்டு பென்சிலை எடுத்தேன். இதில் நிஜமாகவே குறிதான் குற்றவாளி. எந்த வரியில் என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள்.