நஞ்சு தந்தோர்க்கு நீதி எங்கே?

தோழனே!

பாம்பு தீண்டிவிட்டது, பதறுகிறோம். மருத்துவமனைக்கு ஓடுகிறோம், ஊசி போடுகிறார்கள், உயிர் பிழைக்கிறது. மருத்துவரை வாழ்த்துகிறோம், மருந்தை வாழ்த்துகிறோம். அந்த மருந்துக்கு மூலப்பொருள் தந்தவன் யார் என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலோரத்தில், வடநெம்மேலியில் இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978-இல் தோன்றியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வரப்பிலும் புதரிலும் தேடிப் பிடித்து, நஞ்சினை எடுத்து, மீண்டும் வெளியிலே விட்டுவிடுகிறார்கள். நாட்டின் நச்சுமுறி மருந்தில் பெரும்பகுதி அந்த நஞ்சிலிருந்தே பிறக்கிறது. 2017-இல் ஃபுளோரிடாவின் மலைப்பாம்புகளைப் பிடிக்க வல்லரசாம் அமெரிக்கா வரவழைத்ததும் இவர்களைத்தான். சென்று வந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மகிழ்ந்தோம்! மார்பிலே விருது மின்னக் கண்டு மகிழ்ந்தோம். ஆனால் தோழனே, அதே இனத்தின் கையிலே பூட்டப்பட்ட விலங்கைக் கண்டோமா?

செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரங்களில் செங்கற்சூளையிலிருந்தும் அரிசி ஆலையிலிருந்தும் மரம் வெட்டும் தோப்பிலிருந்தும் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டோர் பட்டியலைப் பார்! மீண்டும் மீண்டும் வருகிற பெயர் இருளர். சிறு தொகை முன்பணம். அதற்கு ஈடாகக் குடும்பமே! கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்துவிட்டது. சட்டம் வந்தது, சங்கிலி போயிற்றா?

மீட்கப்பட்டவனுக்கு மறுவாழ்வு நிதி உண்டு. 1 இலட்சத்திலிருந்து 3 இலட்சம் வரை உண்டு. உடனடி உதவியாக ஒரு சிறு பங்கு கைக்கு வரும். முழுத் தொகையோ, முதலாளி தண்டிக்கப்படுவதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது! வழக்கு இழுத்தால் வாழ்வும் இழுபறி. சாட்சி சொல்ல நீதிமன்றம் போனால் அன்றையக் கூலி போகும். போகாவிட்டால் வழக்கே போகும். எதை இழப்பான் ஏழை?

காவல் நிலையத்துக் கதை இதனினும் கொடிது. எங்கோ திருட்டு நடந்தால் இருளர் குடிசையைத் தட்டும் வழக்கத்தை அவர்களே பன்னெடுங்காலமாகச் சொல்லி அழுகிறார்கள். 2011-இல் திருக்கோவிலூர் அருகே இருளர் பெண்கள் நால்வர், காவலர்கள் மீதே பாலியல் வன்கொடுமைப் புகார் கூறினார்கள். இத்தகைய கொடுமைகளில் அவர்களுக்குத் துணை நின்றது எது? திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று வளர்த்த பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம். அவர்கள் மொழி அறிந்து, அவர்கள் அச்சம் அறிந்து, புகார் எழுதி, வழக்கறிஞரிடம் அழைத்துச் சென்ற சங்கம்!

அந்தத் தொண்டினை ஓர் ஊரின் நல்லுள்ளங்கள் செய்தால் போதுமா? அரசு செய்ய வேண்டாமா?

"சட்ட உதவிதான் இலவசமாயிற்றே!" என்பார்கள். ஆம், 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு பழங்குடியினர்க்கு இலவசச் சட்ட உதவி தருகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ சாட்சிக்குப் பயணப்படியும் தரச் சொல்கிறது. ஏட்டிலே எல்லாம் இருக்கிறது! 2025-ஆம் ஆண்டு இந்திய நீதி அறிக்கையைப் புரட்டு: நீதித்துறைக்கு ஆளுக்கு 182 ரூபாய், சட்ட உதவிக்கு ஆளுக்கு 6 ரூபாய்! ஆண்டொன்றுக்கு, தோழனே, ஆண்டொன்றுக்கு!

மிகவும் நலிந்த பழங்குடியினர்க்கென ஒன்றிய அரசு 2023-இல் ஒரு பெருந்திட்டம் அறிவித்தது: 24,104 கோடி ரூபாய், 11 பணிகள். வீடு, சாலை, குடிநீர், மின்சாரம், விடுதி, கைபேசிக் கோபுரம்! இருளரும் அப்பட்டியலில் இருப்பவரே. வேண்டியவைதாம், வரவேற்கிறோம். ஆனால் 11-இலும் நீதி என்று ஒரு தலைப்பு இல்லை! கோபுரம் நாட்டினார்கள், குரல் கொடுக்க வழி செய்தார்களா?

நாம் கேட்பது என்ன? ஒவ்வோர் இருளர் குடியிருப்பிலும் அவர்களுள் ஓர் ஆணும் பெண்ணும் சட்டப் பயிற்சி பெற வேண்டும். அவர்களுக்கு மாதந்தோறும் ஊதியம் வேண்டும். கோட்டாட்சியரிடம் பழங்குடிச் சான்றிதழ் பெறவும், கைது நேர்ந்தால் உடனே காவல் நிலையம் செல்லவும், சாட்சியை நீதிமன்றம் கொண்டுசேர்க்கவும் அவர்கள் துணை நிற்க வேண்டும். நிதி அரசுடையது, நிருவாகம் இருளர் சங்கத்துடையது, கணக்கு மக்கள் முன்னே!

அவர்களால் இயலுமா என்று ஐயுறுவோர், மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரைக்குச் செல்லட்டும். பல மாவட்டத்து இருளர் கூடிக் கன்னியம்மனை வணங்குவார்கள். மணம் பேசி, மணம் முடிப்பார்கள். பிணக்குகளையும் மூத்தோர் பேசித் தீர்ப்பார்கள். பாம்புச் சங்கத்தை நடத்தத் தெரிந்தவர்களுக்கு நீதிக்கான சங்கத்தை நடத்தவா தெரியாது?

"கட்டப் பஞ்சாயத்தை வளர்க்கிறீர்களே!" என்று சிலர் முணுமுணுக்கலாம். அன்று, அன்று! கட்டப் பஞ்சாயத்து வலியவன் எளியவனுக்கு எழுதும் தீர்ப்பு. நாம் கேட்பது எளியவன் சட்டத்தின் வாசலை எட்டுவதற்கான படிக்கட்டு. சிறு பிணக்கு குடிக்குள்ளே, பெண்களும் சமமாய் அமர்ந்த அவையிலே தீரட்டும். கொடுங்குற்றம் நீதிமன்றத்துக்கே போகட்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2002 முதல் பழங்குடி மூத்தோர் நீதிபதியின் அருகே அமர்ந்து கருத்துரைக்கிறார்கள், தீர்ப்பு நீதிபதியுடையது. கனடாவில் 1991-இல் தொடங்கிய திட்டத்தால், பழங்குடியினர் தாமே நடத்தும் நீதிப் பணிகளுக்கு ஒன்றிய அரசும் மாகாணங்களும் பங்கிட்டுப் பணம் தருகின்றன. அங்கெல்லாம் சட்டம் சாய்ந்துவிடவில்லை!

தோழனே, கைதட்டிக் கலைவதற்கல்ல இக்கட்டுரை. உன் கிளைக்கு அருகே ஓர் ஏரிக்கரையில் இருளர் குடியிருப்பு இருக்கும். செல்! எத்தனை பேருக்குச் சான்றிதழ் இல்லை, எத்தனை வழக்கு நிலுவை, எத்தனை பேர் மீட்கப்பட்டும் நிதி பெறவில்லை என்று கேட்டு எழுது. அந்தக் கணக்கோடு சட்டமன்ற உறுப்பினர் வாசலில் நில். அடுத்த நிதிநிலை அறிக்கையில் நீதிக்கென ஒரு வரி இடம்பெறும்வரை நில். அவர்கள் கேட்பது பிச்சை அன்று. நாம் பட்ட கடன்!