பள்ளிக் கணக்கைப் பெற்றோர் பார்க்கட்டும்

அரசுப் பள்ளிகளின் பள்ளி மேலாண்மைக் குழு பற்றிப் பேச்செடுத்தால் ஆசிரியர் அறையிலும் கல்வி அலுவலகத்திலும் ஒரே குரல்தான் கேட்கிறது: "கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குப் பள்ளிக் கணக்கில் என்ன வேலை? கையெழுத்துப் போட்டால் போதாதா?" போதாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவு, குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும், மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அவர்கள் பொறுப்பு.

படிப்பில்லாதவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்பது முதல் வாதம். 1989இல் தருமபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கிய காலம் முதல் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்கள் சேமிப்பு, உள்கடன், வட்டி, வங்கித் தவணை என்று பைசா பிசகாமல் கணக்கு வைத்திருக்கிறார்கள். வங்கி நம்பிக் கடன் கொடுக்கும் அதே பெண்ணைப் பள்ளி வாசலுக்கு வந்ததும் விவரம் தெரியாதவர் என்று ஒதுக்குவது என்ன நியாயம்?

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மாணவியர் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லையென்றால், மகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் மாலையில் தலைவலியோடு வீடு திரும்புவாள். அது தாய்க்குத் தெரியும். ஆசிரியர்களுக்கெனத் தனிக் கழிப்பறை இருக்கும் பள்ளியில், செலவுப் பட்டியல் எழுதுகிறவர் கண்ணில் அது படாமலே போகலாம். வாசல் வளைவுக்கு வண்ணம் முதலில் வரும். தாழ்ப்பாள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.

சின்னத் தொகைக்கு எதற்குக் குழு என்பது அடுத்த வாதம். ஒருங்கிணைந்த பள்ளி மானிய விதிப்படி 80 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். தலைக்குச் சுமார் 312 ரூபாய். அதிலும் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் எது முதலில் என்று பலர் கூடி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வாதம் கனமானது: இத்தகைய குழுக்களால் பயனில்லை என்று ஆய்வே சொல்கிறதாம். உத்தரப்பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுகிறார்கள். பெற்றோருக்குத் தகவல் கொடுத்தும் பள்ளிகள் மாறவில்லை என்பது உண்மை. ஆனால் அங்கே கிராமக் கல்விக் குழு உறுப்பினர்கள் பலருக்குத் தாங்கள் உறுப்பினர் என்பதே தெரியாது என்பதும் அதே ஆய்வு சொன்ன செய்திதான். இல்லாத குழு தோற்றதை வைத்து, இருக்கும் குழுவை எப்படி மறுப்பது? இந்தோனேசியாவில் நடந்த ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வெறும் பணமும் பயிற்சியும் பெற்ற குழுக்களால் கற்றலில் பெரிய மாற்றம் வரவில்லை. தேர்தலில் அமைந்து, ஊர் மன்றத்தோடு இணைந்த குழுக்கள் இருந்த பள்ளிகளில் பிள்ளைகள் மொழிப்பாடத்தில் முன்னேறினார்கள்.

ஊர்ப் பெரிய மனிதர்களும் கட்சிக்காரர்களும் குழுவைக் கைப்பற்றுவார்கள் என்ற அச்சம் பொய்யல்ல. சாதி பார்க்கும் ஊர்களில் அது நடக்கிறது. நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய பங்கு தரவேண்டும் என்று சட்டம் சொல்வதும் அதனால்தான். அந்தப் பங்கை உறுதிசெய்வதே தீர்வு. குழுவையே முடக்குவது அல்ல.

வேலை நாள் பிற்பகலில் கூட்டம் வைத்துவிட்டு, கூலியை விட்டு வரமுடியாத தாயை "அக்கறை இல்லை" என்று குறைசொல்வதை முதலில் நிறுத்த வேண்டும். பொழுது சாய்ந்தபின் கூட்டுங்கள். வரவு செலவைப் பள்ளி வாசலிலேயே எழுதிப் போடுங்கள்.

பெற்றோரே, வெற்றுக் காசோலையிலும் எழுதாத தீர்மானப் பக்கத்திலும் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். ரசீதைக் கேளுங்கள்.